காரில் சைக்கிள் ரேக்: வாங்குவதற்கு முன்னும் மாட்டும்போதும்

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். விற்பனைக்கு வருகிற பெட்டிகளில் 'பைக் ரேக்' என்று போட்டிருக்கும். நமக்கு பைக் என்றால் மோட்டார் சைக்கிள். சரி, 'சைக்கிள் கேரியர்' என்று கேட்கலாமென்றால், பின்சக்கரத்துக்கு மேலே ஆளை உட்காரவைத்துக் கூட்டிப்போவோமே, அதை எடுத்துக் கொடுப்பார்கள். காரின் மேலேயோ பின்னாலேயோ சைக்கிளைத் தாங்கிக்கொண்டு வருகிற சட்டத்தைத்தான் இங்கே ரேக் என்கிறேன்.

புதிதாக வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ரேக்கைப் பார்த்து ஆரம்பிக்கிறார்கள். படத்தில் நன்றாக இருக்கிறது, நான்கு சைக்கிள் ஏறும் என்று போட்டிருக்கிறது, வாங்கிவிடுகிறார்கள். பெட்டியைப் பிரித்த பிறகுதான் கொக்கியை எங்கே மாட்டுவது என்ற கேள்வி வருகிறது. எந்த ரேக் என்பதைப் பாதிக்கு மேல் உங்கள் காரே முடிவுசெய்துவிடும். மீதியைச் சைக்கிள் முடிவுசெய்யும். அந்த வரிசையிலேயே போவோம்.

காரைச் சுற்றி வாருங்கள்

கையில் ஒரு அளவு நாடா, காரோடு வந்த கையேடு, இரண்டும் போதும். கூரையில் நீளவாக்கில் இரண்டு கம்பிகள், அடியில் விரல் நுழைகிற மாதிரி தூக்கி நின்றால் வேலை சுலபம். குறுக்குக் கம்பிகளை அவற்றின் மேல் கவ்வவிடலாம். கம்பி கூரையோடு ஒட்டியிருந்தால் அதற்கென்று தனிக் கால்கள் வேண்டும். ஒன்றுமே இல்லாத மொட்டைக் கூரையென்றால் கதவுக்கு மேலுள்ள விளிம்பைக் கவ்வுகிற கால்களும், அந்த மாடலுக்கென்றே செய்த இணைப்புத் துண்டுகளும் தேவைப்படும். சில கார்களில் கூரை ஓரத்துப் பட்டைக்கு அடியில் போல்ட் போடும் துளைகள் ஒளிந்திருக்கும். அழகுக்காக ஒட்டிய பிளாஸ்டிக் கம்பிகளும் உண்டு. பார்த்தால் நிஜம் மாதிரியே இருக்கும், அவற்றில் எதையும் மாட்டக் கூடாது. எது நிஜம், எது அலங்காரம் என்பதைக் கையேடு சொல்லும்.

அதே கையேட்டில் கூரை எவ்வளவு எடை தாங்கும் என்றும் இருக்கும். பல கார்களில் இது 50 முதல் 100 கிலோவுக்குள் வரும். குறுக்குக் கம்பிகளும் ரேக்கும் அந்த எடைக்குள்தான் அடக்கம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கூரை 75 கிலோ தாங்குகிறது. குறுக்குக் கம்பிகள் 6 கிலோ, இரண்டு சைக்கிளுக்கான தட்டுகள் (சைக்கிள் நிற்கிற நீளமான தாங்கிகள்) ஆளுக்கு 4 கிலோ, ஆக 14 போய்விட்டது. மிச்சம் 61. சாதாரணச் சைக்கிள் இரண்டு, 14 கிலோ வீதம் 28, தாராளமாக ஏற்றலாம். மின்சைக்கிள் இரண்டு, 25 கிலோ வீதம் 50, கணக்கில் இதுவும் இடிக்கவில்லை. ஆனால் தட்டின் மேல் ஒட்டிய சீட்டில் 'ஒரு சைக்கிள் 17 கிலோவுக்கு மேல் கூடாது' என்று இருந்தால் கதை அங்கேயே முடிந்தது. காருக்கு ஒரு எண், கம்பிகளுக்கு ஒரு எண், ரேக்குக்கு ஒரு எண் என்று மூன்று எண்கள் இருக்கும். மூன்றில் எது சிறியதோ அதுதான் உங்களுக்கு.

அப்புறம் காரின் பின்பக்கம். டிக்கிக் கதவின் மேல் விளிம்பை விரலால் தடவுங்கள். தகரம்தானா, கண்ணாடியா, அல்லது பிளாஸ்டிக் ஸ்பாய்லர் நீட்டிக்கொண்டிருக்கிறதா? பட்டையால் கட்டுகிற ரேக்கின் முழு எடையும் அந்த மேல் விளிம்பில் மாட்டிய கொக்கிகளில்தான் தொங்கும். கண்ணாடி விளிம்பிலோ ஸ்பாய்லரிலோ சாதாரணக் கொக்கி போடவே கூடாது. கதவே பிளாஸ்டிக்காலோ அலுமினியத்தாலோ ஆனதென்றால் இந்த வகை ரேக்கைப் பல தயாரிப்பாளர்கள் அனுமதிப்பதில்லை. சந்தேகமிருந்தால் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்புத் தகடு.

பம்பருக்குக் கீழே டிரெய்லர் இழுக்கிற கொக்கி (இழுகொக்கி) இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். அதில் இரண்டு குடும்பங்கள். ஒன்று 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள உலோக உருண்டை, குண்டு என்போம். இன்னொன்று சதுரக் குழாய், ஒன்றேகால் அங்குலமோ இரண்டு அங்குலமோ இருக்கும். ஒன்றுக்கான ரேக் மற்றதில் நேராக ஏறாது. கொக்கியோடு வந்த தகட்டில் இரண்டு எடைகள் போட்டிருக்கும். இழுக்கக்கூடிய எடை ஆயிரக்கணக்கான கிலோவாக இருக்கலாம், அதைப் பார்த்து மயங்க வேண்டாம். நமக்கு வேண்டியது செங்குத்தாகத் தாங்கும் எடை, அது பெரும்பாலும் நூறு கிலோவுக்குள்தான் இருக்கும். ரேக்கே 15 முதல் 20 கிலோ இருக்கும் என்பதையும் கழித்துக்கொள்ளுங்கள்.

சைக்கிளை எடை போடுங்கள்

குளியலறைத் தராசில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஏறி நில்லுங்கள், பிறகு தனியாக ஏறுங்கள். வித்தியாசம்தான் சைக்கிளின் எடை. 'சும்மா பத்து கிலோதான்' என்று நினைத்தது பதினாறு காட்டும். மின்சைக்கிள் என்றால் பேட்டரியைக் கழற்றி ஒருமுறை, கழற்றாமல் ஒருமுறை. பயணத்தில் பேட்டரி காருக்குள் வருவதுதான் நல்லது. எடையில் இரண்டு மூன்று கிலோ குறையும், மழையிலும் நனையாது.

ஃபிரேம் கார்பனா என்று பாருங்கள். கார்பன் குழாயை ரேக்கின் கை நெருக்கிப் பிடித்தால் உள்ளே விரிசல் விழலாம், வெளியே ஒன்றும் தெரியாது. அப்படிப்பட்ட சைக்கிளுக்குச் சக்கரத்தை மட்டும் பிடிக்கிற ரேக்தான் சரி. மேல்குழாய் இல்லாத, கால் தூக்கிப் போடாமல் ஏறுகிற சைக்கிள், குழந்தைகள் சைக்கிள், நடுவில் ஸ்பிரிங் உள்ள மலைச் சைக்கிள் ஆகியவை தொங்கவிடுகிற ரேக்கில் ஒழுங்காக உட்காராது. சீட் கம்பிக்கும் ஹேண்டில்பாருக்கும் இடையே மாட்டுகிற தற்காலிகக் குழாய் ஒன்று தனியாக விற்கிறது. அதைப் போட்டால் ஓரளவு சமாளிக்கலாம்.

எந்த வகை

டிக்கியில் பட்டையால் கட்டுவது வருஷத்துக்கு நாலைந்து முறை போகிறவர்களுக்கு ஏற்றது. மலிவு, மடித்து மூலையில் போட்டுவிடலாம். ஆனால் கட்டிய பிறகு டிக்கியைத் திறக்க முடியாது என்பதால், சாப்பாட்டுப் பை உள்ளே மாட்டிக்கொண்டால் பின்சீட்டு வழியாகக் கையை விட்டுத் துழாவ வேண்டியதுதான்.

கூரை ரேக்கில் டிக்கி திறக்கும், நம்பர் பிளேட் மறையாது, பின்னால் பார்வையும் தடைபடாது. சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது. சைக்கிளைத் தலைக்கு மேலே தூக்க வேண்டும், காற்று எதிர்ப்பால் எரிபொருள் கூடுதலாகக் குடிக்கும், உயரத்தை எப்போதும் ஞாபகம் வைத்திருக்க வேண்டும். வாரா வாரம் போகிறவர், அல்லது இரண்டு மூன்று சைக்கிளோடு போகிறவர், காரில் இழுகொக்கி இருந்தால் யோசிக்காமல் அதில் பொருத்துகிற தட்டு வகையையே வாங்கலாம். சைக்கிள் இடுப்புயரத்தில் நிற்கும், ஏற்றுவது சுலபம், பெரும்பாலானவற்றைச் சாய்த்து டிக்கியையும் திறக்கலாம். என் ஓட்டு இதற்குத்தான். மின்சைக்கிளுக்கு நடைமுறையில் இது ஒன்றே வழி.

பின்கதவில் ஸ்டெப்னி தொங்குகிற ஜீப் மாதிரி வண்டிகளுக்கு அந்த டயரிலேயே மாட்டுகிற ரேக் உண்டு. காற்றை உறிஞ்சிக் கூரையில் ஒட்டிக்கொள்கிற கிண்ண வகையும் இருக்கிறது. அது சுத்தமான, வழவழப்பான பரப்பில்தான் நிற்கும், புழுதி படிந்த கூரையில் நம்ப முடியாது.

எதை வாங்கினாலும் தயாரிப்பாளரின் பொருத்தப் பட்டியலில் உங்கள் கார் மாடலும் ஆண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். தூலே, யாகிமா போன்ற பெரிய கம்பெனிகள் மாடல் வாரியாக இதை வைத்திருக்கின்றன. (தூலே 1942இல் ஸ்வீடனில் மீனவர்களுக்கு மீன்பொறி செய்து தொடங்கிய கம்பெனி. பிடித்தால் விடாத சாமான் செய்வதில் பழைய கை.) கூரை ரேக்கென்றால் ஐ.எஸ்.ஓ. 11154 என்ற தரக்குறியீடு இருக்கிறதா என்றும் தேடுங்கள்.

பட்டை ரேக்கை மாட்டுவது

இதில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். பயணம் கிளம்புகிற விடிகாலையில் முதல்முறையாகப் பெட்டியைப் பிரிக்காதீர்கள். முந்தைய வாரம் ஒருநாள் பகல் வெளிச்சத்தில், அவசரமில்லாமல் செய்யுங்கள்.

ரேக்கின் ரப்பர் பாதங்கள் படுகிற இடத்தையும் பாதங்களையும் ஈரத்துணியால் துடையுங்கள். முதல்முறை நான் இதைச் செய்யவில்லை. பாதத்துக்கு அடியில் இருந்த மணல், நூறு கிலோமீட்டர் குலுக்கலில் உப்புத்தாளாக வேலை செய்து, டிக்கியில் அரைவட்டமாக இரண்டு தேய்மானங்களைப் போட்டுவிட்டது. இன்றும் இருக்கின்றன.

கையேட்டில் சொன்ன கோணத்துக்கு ரேக்கை விரித்து, முறுக்குக் குமிழ்களை இறுக்குங்கள். பாதங்கள் தகடு உறுதியாக இருக்கும் இடத்தில், முடிந்தால் கதவின் ஓரத்துக்கு அருகில் உட்கார வேண்டும். கண்ணாடியில் வைக்கலாம் என்று அந்த ரேக்கின் கையேடே சொன்னாலொழிய வைக்காதீர்கள். சைக்கிள் தொங்கும் கைகள் காரிலிருந்து நீட்டி, நுனி கொஞ்சம் மேல்நோக்கி இருக்கட்டும். நுனி தாழ்ந்தால் சைக்கிள் வெளிப்பக்கமாக வழுக்கும்.

இப்போது கொக்கிகள். முதலில் மேல் இரண்டு. கதவைக் கொஞ்சம் திறந்து, விளிம்புக்குள் கொக்கியை நுழைத்து, கதவை மெதுவாக மூடிப் பாருங்கள். கொக்கி ரப்பர் பீடிங்கைக் கிழிக்காமல், கூரையில் இடிக்காமல் இருக்க வேண்டும். பிறகு கீழ் இரண்டு, கடைசியில் பக்கவாட்டு இரண்டு. மேல்பட்டைகள் எடையைத் தாங்குகின்றன. கீழ்ப்பட்டைகள் ரேக் மேலே குதிக்காமல் பார்த்துக்கொள்கின்றன. பக்கப்பட்டைகள் வளைவுகளில் ஆடாமல் தடுக்கின்றன. ஒரு பட்டையை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் ரேக் கோணிக்கொள்ளும். இடது கொஞ்சம், வலது கொஞ்சம் என்று மாற்றி மாற்றி இறுக்குங்கள். பட்டை முறுக்கிக்கொண்டு பக்கிளுக்குள் போகக் கூடாது. மிச்சமான வால்களைச் சுருட்டிக் கட்டிவிடுங்கள்.

கூரையிலும் இழுகொக்கியிலும்

கூரையில் குறுக்குக் கம்பிகளுக்கான இடத்தைக் கண்ணளவில் முடிவுசெய்யாதீர்கள். முன்கண்ணாடியின் மேல் விளிம்பிலிருந்து இத்தனை சென்டிமீட்டர் என்று கையேடு சொல்லும். இரண்டு பக்கமும் நாடா வைத்து அளந்து, சின்னத் துண்டு ஒட்டுத்தாளால் அடையாளம் போட்டால் அடுத்த முறை மீண்டும் அளக்க வேண்டாம். மொட்டைக் கூரையென்றால் நான்கு கதவுகளையும் திறந்துவைத்துத்தான் கால்களைப் பொருத்த வேண்டும்.

தட்டுகளில் இரண்டு விதம். முன்சக்கரத்தைக் கழற்றி ஃபோர்க்கை (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையை) பூட்டுவது உறுதியானது. ஆனால் உங்கள் அச்சு பழைய விரைவுப்பிடி வகையா, 12 அல்லது 15 மில்லிமீட்டர் தடித்த அச்சா என்று பார்த்து அதற்கேற்ற பொருத்தியை வாங்குங்கள். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் இருந்தால் சக்கரத்தைக் கழற்றியதும் பிரேக் பேட்களுக்கு இடையே ஒரு பிளாஸ்டிக் துண்டையோ மடித்த அட்டையையோ செருகிவிடுங்கள். சக்கரமில்லாத நேரத்தில் யாராவது பிரேக்கைப் பிடித்துவிட்டால் பேட்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். போய்ச் சேர்ந்த இடத்தில் டிஸ்க் உள்ளே நுழையாது, காலை முழுவதும் தட்டையான திருப்புளி தேடிக்கொண்டிருப்பீர்கள்.

சக்கரத்தோடு நிறுத்துகிற வகையில் சைக்கிளைத் தூக்கும் முறை முக்கியம். காரின் பக்கவாட்டில் நின்று, ஒரு கை ஃபோர்க்கின் அடியில், மறு கை சீட்டுக்குக் கீழேயுள்ள குழாயில். பெடலைக் காருக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பிவைத்தால் கதவில் கோடு விழாது. உயரமான வண்டியென்றால் அகலமான படிமேடை ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். ஈரச் செருப்போடு கதவுப்படியில் ஏறி நின்று தூக்குவது விழுவதற்கான வழி.

குண்டுக் கொக்கியில் கவ்வுகிற ரேக்குக்கு ஒரே ஒரு ரகசியம், குண்டில் கிரீஸ் இருக்கக் கூடாது. டிரெய்லருக்காகத் தடவிய கிரீஸ் அப்படியே இருந்தால் ரேக் உராய்வின்றிப் பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளும். துணியால் துடைத்து, கிரீஸ் நீக்கும் திரவத்தால் இன்னொருமுறை துடையுங்கள். நெம்புகோலை அழுத்தும்போது உடல் எடையைக் கொடுத்தால்தான் இறங்குகிற அளவுக்கு இறுக்கம் வேண்டும். ஒரு விரலால் இறங்கிவிட்டால் அதன் சரிசெய்யும் திருகை இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள். சதுரக் குழாய் வகையில் குறுக்கே போகும் முள்ளும் அதன் நுனியில் போடும் கிளிப்பும் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். ஆட்டத்தைக் குறைக்கும் போல்ட் இருந்தால் கடைசியில் அதை முடுக்குங்கள்.

சைக்கிளை ஏற்றும்போது

எடை அதிகமானது காருக்கு நெருக்கமாக, லேசானது வெளியே. ஒன்று இடப்பக்கம் பார்த்தால் அடுத்தது வலப்பக்கம் பார்க்கட்டும், ஹேண்டில்பார்கள் மோதாது. பாட்டில், பம்ப், பை, விளக்கு, முக்கியமாகக் குழந்தை இருக்கை, எல்லாவற்றையும் கழற்றி உள்ளே போடுங்கள். குழந்தை இருக்கை காற்றில் பாய்மரம் மாதிரி இழுக்கும். சைக்கிளுக்கு மழை உறை போட்டு ஏற்றுவதையும் பல தயாரிப்பாளர்கள் இதே காரணத்துக்காக வேண்டாமென்கிறார்கள். ஒரு சைக்கிளின் பெடல் அடுத்ததன் கம்பிகளுக்குள் நுழையாதபடி கிராங்கை (பெடல் மாட்டிய கையை) திருப்பி, உரசுகிற இடங்களில் பழைய டியூபை வெட்டிச் சுற்றுங்கள். முன்சக்கரம் திரும்பாமலும் சுழலாமலும் ஒரு பட்டையால் கட்டுங்கள்.

பின்னால் ஏற்றியிருந்தால் குனிந்து சைலன்சரைப் பாருங்கள். அதன் வாய்க்கு நேராக டயர் தொங்கினால் சூட்டில் டயர் இளகிப்போகும், கார்பன் ரிம் என்றால் ரிம்மே பாழ். சைக்கிளை இடம்மாற்றித் தொங்கவிடுங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. வெளியே இருக்கும் சைக்கிளின் ஃபிரேமைப் பிடித்துப் பலமாக ஆட்டுங்கள். கார் சேர்ந்து ஆட வேண்டும். கார் அப்படியே நின்று சைக்கிள் மட்டும் ஆடினால், எங்கோ ஒன்று இறுகவில்லை.

நம்பர் பிளேட்டும் விளக்கும்

பின் ரேக் நம்பர் பிளேட்டையும் பிரேக் விளக்குகளையும் மறைத்தால் பல நாடுகளில் அபராதம். அபராதத்தை விடுங்கள், பின்னால் வருகிறவருக்கு நீங்கள் பிரேக் போட்டது தெரியாது. குண்டுக் கொக்கி ரேக்குகள் பலவற்றில் விளக்குப் பலகை சேர்ந்தே வரும். அதைக் காரின் பின்னாலுள்ள 7 முள் அல்லது 13 முள் மின் இணைப்பில் செருகிவிட்டு, ஒருவரைப் பின்னால் நிறுத்தி பிரேக், இரண்டு பக்க இண்டிகேட்டர், எல்லாம் எரிகிறதா என்று கேளுங்கள். பட்டை ரேக்குக்குத் தனியாக ஒரு பலகை வாங்கிக் கட்டலாம். இத்தாலி போன்ற சில நாடுகளில் பின்னால் நீட்டிய சுமைக்கு 50 சென்டிமீட்டர் சதுரத்தில் கோடு போட்ட எச்சரிக்கைப் பலகையும் வேண்டும். ஓட்டுகிற இடத்தின் விதியை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

பின் வைப்பரை அணைத்துவிடுங்கள். காலை ஆட்டினால் தானாகத் திறக்கும் டிக்கி இருந்தால் அந்த வசதியையும் நிறுத்துங்கள். பின்னால் நகரும்போது பார்க்கிங் சென்சார் சைக்கிளைப் பார்த்தே கத்திக்கொண்டிருக்கும், அதை நம்ப முடியாது. ஒருவர் இறங்கிப் பின்னால் நின்று வழிகாட்டட்டும்.

சாலையில்

கிளம்பிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் ஓரங்கட்டி எல்லாப் பட்டைகளையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். முதல் குலுக்கலில் எல்லாம் கொஞ்சம் தளரும், அது இயல்பு. அதற்குப் பிறகு நிற்கிற இடத்திலெல்லாம் ஒரு பார்வை போதும்.

ஒருமுறை வேகம் கூடினால் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் கேட்டது. சக்கர பேரிங் போய்விட்டதென்று ஒரு மணி நேரம் பயந்துகொண்டே ஓட்டினேன். நிறுத்திப் பார்த்தால், கூரையில் கூடுதல் பத்திரத்துக்காக நான் தட்டையாக இழுத்துக் கட்டிய பட்டை காற்றில் அதிர்ந்துகொண்டிருந்தது. அவிழ்த்து நடுவில் ஒரு முறுக்குக் கொடுத்துக் கட்டியதும் சத்தம் போயே போய்விட்டது. பக்கிளுக்குள் முறுக்கு கூடாது, காற்றில் நிற்கும் பகுதியில் முறுக்கு வேண்டும்.

ரேக்கின் கையேட்டில் வேக வரம்பு இருக்கும், அதைத் தாண்டாதீர்கள். மேடுபள்ளங்களில் பாதி வேகம். பின் ரேக் இருந்தால் காரின் வால் நீண்டுவிட்டது என்பதால், சரிவான நுழைவுகளில் தரையில் உரசாமல் குறுக்காக ஏறுங்கள். கூரையில் இருந்தால் தரையிலிருந்து ஹேண்டில்பார் வரை உயரத்தை அளந்து, எண்ணை ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். ஒன்றரை மீட்டர் காரில் சைக்கிள் ஏறினால் இரண்டரை மீட்டரைத் தாண்டும். மூடிய பார்க்கிங் வாசல் பலவும் இரண்டு மீட்டர் சொச்சம்தான்.

இறக்கி முடித்ததும் ரேக்கையும் கழற்றிவிடுங்கள். வெறும் ரேக்கும் காற்றை இழுக்கும், வெயிலில் பட்டைகள் சீக்கிரம் இற்றுப்போகும், தானியங்கி கார் கழுவும் இடத்துக்குள் அதோடு நுழையவும் கூடாது. பட்டைகளை ஈரம் போக உலர்த்தி, ஆலன் கீ, கொக்கிகள், கிளிப் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு ரேக்கோடு கட்டிவையுங்கள். பூட்டு இருந்தால் சாவியில் பொறித்த எண்ணை வேறெங்காவது எழுதிவைக்க வேண்டும். சாவி தொலைந்தால் மாற்றுச் சாவி கேட்கும்போது முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.